குடோன் கேட்டவனுக்கு வாசல்

நான் கேட்டது குடோன் வேலை. லாரியிலிருந்து மூட்டை இறக்குவது, அடுக்குவது, அழுகின வெங்காயத்தைப் பொறுக்கி எறிவது. வாழ்நாள் முழுக்க மூட்டையோடுதான் கிடந்தேன். மூட்டைக்கு வாய் கிடையாது. அதனால் எனக்கும் அதற்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. எனக்கு ஆகாதது மனுஷர்கள்தான்.

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தான். என் மகனைவிடச் சின்னவன். கழுத்தில் அட்டை, காதில் ஏதோ ஒரு கருவி. பேசுவது என்னிடமா, காதில் இருப்பவனிடமா என்று கண்டுபிடிக்கவே தனி மூளை வேண்டும்.

"பெரியவரே, குடோன்ல ஆள் இருக்கு. உங்களை வாசல்ல போடுறேன்."

"வாசல்ல என்ன மூட்டை இருக்கு?"

"மூட்டை இல்ல. வர்றவங்க பையை வாங்கி வெச்சுட்டு டோக்கன் குடுக்கணும். போறவங்க பையில இருக்கறதும் பில்லும் ஒண்ணாருக்கான்னு பார்த்து, பில்லுல ஓட்டை போடணும். முக்கியமா, வர்ற ஒவ்வொருத்தரையும் சிரிச்ச முகமா 'வாங்க'ன்னு சொல்லணும். உங்க நரைச்ச மீசைக்கு எடுப்பா இருக்கும். வீட்டுப் பெரியவரே கூப்பிடற மாதிரி."

"நான் தோளைக் காட்டி வேலை கேட்டேன் தம்பி. நீ பல்லைக் காட்டச் சொல்ற."

"இஷ்டம்னா செய்ங்க" என்று பச்சைச் சட்டை ஒன்றை மேஜைமேல் போட்டான். எடுத்துக்கொண்டேன். வேறு எங்கே போனாலும் வயதைக் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

வாசல் எனக்கு ஆகாது என்பதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. கடைக்கு எதிர்த்தெருவில்தான் என் சம்மந்தி குடியிருக்கிறார். பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தால் அவர் கண்ணில் நானும், என் கண்ணில் அவரும் பட வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். போட்ட கணக்கை அந்தப் பொடியன் ஒரு சட்டையால் துடைத்துவிட்டான்.

என் ஒரே மகன் கல்யாணமான கையோடு மாமனார் வீட்டோடு போய்விட்டான். போகட்டும். எனக்கு இருப்பது ஒற்றை அறை. அதில் ஒரு புதுப்பெண்ணை எங்கே வைப்பது? ஆனால் பேத்தி பிறந்து, நடை வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னிடம் வந்துவிடுவாள். மகன்தான் கொண்டுவந்து விடுவான். ஒருநாள் அவனுக்கு ஏதோ வேலை. சம்மந்தியே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வாசல் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அவர் படியின் கீழே நின்று, நான் வாங்க என்று சொல்வதற்காகக் காத்திருந்தார். நுரையோடு எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிச் சாக்கடையில் துப்பினேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். குழந்தையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வீட்டில் அந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. "என்னைப் பார்த்ததும் காறித் துப்பினார்." வாயில் சொந்தப் பல் உள்ள யாருக்கும் நுரை என்றால் என்னவென்று தெரியும். ஒருவன் வாய் துடைக்கும்வரை நிற்க முடியாதவர் பின்னால் நான் எதற்கு ஓட வேண்டும்? ஓடவில்லை.

அவர் அங்கே சபதம் போட்டார்: "அந்த மனுஷன் தன் வாயால என்னை வாங்கன்னு சொல்ற வரைக்கும் பேத்தி அந்தப் படி ஏற மாட்டா." நான் இங்கே போட்டேன்: "அவர் காது அழுகி விழுந்தாலும் அந்த வார்த்தை அதுல விழாது." நடுவில் மாட்டியது குழந்தை. கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிட்டதாக மகன் போனில் சொன்னான். பல் விழுந்ததைப் போனில் கேட்கிற தாத்தா ஆகிவிட்டேன்.

வாசலில் நின்றேன். வாங்க, வாங்க, வாங்க. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பையை நீட்டுவார்கள், முகம் போனுக்குள் இருக்கும். ஆணியில் மாட்டுவதுபோல் என் கையில் மாட்டிவிட்டுப் போவார்கள். டோக்கனைத் தொலைத்துவிட்டு என்னையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒருத்தி தன் பையை முகர்ந்துகூடப் பார்த்தாள். நான் என்ன அதற்குள் படுத்தா தூங்கினேன்?

ஒருநாள் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சம்மந்தி. ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலமாகியும் சட்டைப் பையில் பேனா. என்னைப் பார்த்தார், பச்சைச் சட்டையைப் பார்த்தார், நெஞ்சில் குத்தியிருந்த 'வரவேற்பு' அட்டையை நிதானமாக வாசித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவருக்காகவே கடை திறந்து, அவருக்காகவே என்னை வாசலில் நட்டு வைத்த மாதிரி.

நான் பைக்காகக் கையை நீட்டினேன். தரவில்லை. நின்றார். கதவு சாத்தப் பார்க்கும். அவர் நிற்பதால் மறுபடி திறக்கும்.

"ஏம்மா" என்றார், என்னைத் தாண்டி, பில் போடும் பெண்ணைப் பார்த்து. "வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடறதுக்கு ஆள் போட்டிருக்கறதா சொன்னாங்களே. இன்னிக்கு லீவா?"

"ஏம்மா" என்றேன் நானும் அவளிடமே. "பையை வெச்சுட்டு உள்ள போகச் சொல்லு. கதவுக்குக் கரண்டு சும்மாவா வருது?"

"நான் தக்காளி எடை போடறதா, உங்க ரெண்டு பேருக்கும் தபால் கொண்டு போறதா?" என்றாள் அவள்.

அன்றைக்குப் பையை வைத்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு விடவில்லை. காலையில் வருவார், எலுமிச்சம்பழத்துக்கு. போன சூட்டோடு திரும்புவார், தீப்பெட்டிக்கு. ஒரே தடவையில் எடுக்க வேண்டிய சாமானைத் துண்டு துண்டாக எடுத்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார். நான் அவருக்கு முன்னால் வந்தவரை வாங்க என்பேன், பின்னால் வந்தவரையும் வாங்க என்பேன். நடுவில் வாயைச் சாத்திக்கொள்வேன்.

அவர் உள்ளே வருவது அவர் கையில் இருந்தது. வெளியே போவது என் கையில். பையைக் கவிழ்த்து மேஜைமேல் கொட்டுவேன். எலுமிச்சம்பழத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தீப்பெட்டியைத் திறந்து குச்சியைப் பார்ப்பேன்.

"ஏம்மா, அதுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கேன்னு தேடறாராம்?"

"ஏம்மா, சில பேர் மூஞ்சியைப் பார்த்தாலே தேடத்தான் தோணுதுன்னு சொல்லு."

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். மகன் போன் செய்தான்.

"அப்பா, ஒரே ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. பாப்பா உங்களைக் கேக்கறா."

"கேக்கறது அவளா, உன் மாமனாரா?"

வைத்துவிட்டான். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்த்தேன். எல்லார்மேலும் சரிசமமாக இருந்தது.

கடைசியில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டான். அவன் அறையில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவனும் ஒரு பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"பெரியவரே, குடோன்ல ஒருத்தன் வேலையை விட்டு நின்னுட்டான். நாளையிலேருந்து நீங்க அங்க போயிடுங்க. நீங்க கேட்டதுதானே?"

சாக்கு வாசனை அப்போதே மூக்கில் ஏறியது. குளிர்ந்த சிமெண்டுத் தரை, வாய் இல்லாத மூட்டைகள். சரி என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. ஆனால் சும்மா யாரும் எனக்கு எதையும் தந்ததில்லை.

"திடீர்னு என்ன கரிசனம்?"

"எதிர்த்தெரு சார் வந்திருந்தாரு. பேனா வெச்சிருப்பாரே, அவரு. புகார்னுகூட சொல்ல முடியாது, நல்லவிதமாதான் சொன்னாரு. 'வயசான மனுஷன், வாசல்ல நின்னு பேச முடியல போல. பாவம், பின்னால எங்கயாவது போட்டுடுங்க'ன்னாரு."

பாவமாம். நான் பாவமாம். நாளைக்கு அவர் வாசலில் நிமிர்ந்து நுழைவார். 'நான் சொல்லித்தான் ஆளைப் பின்னால தள்ளுனாங்க' என்று வீட்டில் சொல்வார். என் பேத்தியும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வாசல்லதான் நிப்பேன்" என்றேன்.

மேனேஜர் காதிலிருந்த கருவியை முதல்தடவையாகக் கழற்றினான். "குடோன் குடோன்னு கேட்டது நீங்கதானேய்யா!"

"கேட்டேன். அப்ப நீ தரல. இப்ப எனக்கு வேண்டாம்."

"அப்ப அவரு வந்தா வாங்கன்னு சொல்லணும். இல்லன்னா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. நடுவுல ஒண்ணும் கிடையாது."

யோசித்தேன். அவர் கேட்பது ஒரு வார்த்தை. கொடுத்துவிட்டால் அவர் தர வேண்டியது என் பேத்தியை. பத்துப் பேர் பார்க்கக் கொடுத்தால் இல்லையென்று சொல்லவும் முடியாது.

"சொல்றேன்."

"சிரிச்ச முகமா."

"அதை இதுல சேக்காத."

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. கடையில் கூட்டம். கதவு திறந்தது. சம்மந்தி, கையில் பேத்தி. நான் குடோனுக்குப் போயிருப்பேன் என்ற தைரியத்தில்தான் அவளை அழைத்து வந்திருக்க வேண்டும். என்னைக் கண்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது.

"தாத்தா! நீ போலீஸா?" என்று கத்தினாள் அவள். முன்பல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. என் பக்கம் பாய்ந்தாள். அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"வாங்க" என்றேன். கடைசி அலமாரிவரை கேட்கும்படி. அரிசி வாங்க வந்தவளுக்கும் பால் வாங்க வந்தவருக்கும் சொன்ன அதே வாங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. கையையும் நீட்டினேன்.

"என்னது?" என்றார். ஏம்மா இல்லாமல், நேராக என்னிடமே.

"வாங்கன்னேன். பையைக் குடுங்க."

என்னிடம் நேராகப் பேசிவிட்ட தப்பு அவருக்கு உறைத்துவிட்டது. சட்டென்று பில் போடும் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, இது செல்லாது. இது சம்பளத்துக்குச் சொல்றது. கடை சொல்லச் சொல்லிச் சொல்றது."

"ஏம்மா, செல்லாத சரக்கை எதுக்கு தினமும் இங்க வந்து கேட்டாராம்?"

அவள் எடைத்தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பின்னால் அரிசிப்பையோடு நின்ற அம்மாள் சொன்னாள்: "எனக்குச் சொன்னதைவிட உங்களுக்குத்தான் சத்தமா சொன்னாரு. எனக்கே மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"ஒருத்தர் வாங்கன்னா வந்தேன்னு சொல்லிட்டு நகருங்க சார்" என்றார் ஒருவர். "வழியில என்ன பஞ்சாயத்து?"

சம்மந்தி பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. அப்போது பேத்தி அவர் கையை ஆட்டினாள்.

"தாத்தா, அந்தத் தாத்தா வாங்கன்னு சொல்லிட்டாரே. அப்ப நான் போலாம்தானே? நீங்கதானே சொன்னீங்க?"

அவர் வாய் திறந்தது, மூடியது. எனக்கு அந்த நுரை ஞாபகம் வந்தது. இப்போது அவர் வாயில் நுரைகூட இல்லை.

"ஏம்மா" என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். "ஞாயித்துக்கிழமை புள்ளையை அவ அப்பன் கூட்டிட்டு வருவான்னு சொல்லு. நான் அந்தப் படி ஏற மாட்டேன்."

"ஏம்மா, அவரை யாரு கூப்பிட்டாங்கன்னு கேளு."

"இனிமே தபால் கூலி குடுத்தாதான் கேப்பேன்" என்றாள் அவள்.

அவர் பையை என் கையில் திணித்தார். டோக்கனைப் பேத்தியிடம் கொடுத்தேன். திரும்பிப் போகும்போது வழக்கம்போல அவர் பையைக் கொட்டிப் பார்த்தேன். பேத்தி பக்கத்தில் இருக்கிறாளே என்பதற்காக ஒரு சோப்பைக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் பழைய பனியனில் இருந்தேன். பச்சைச் சட்டை துவைத்துக் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பேத்தி படி ஏறி உள்ளே ஓடினாள். மகன் மட்டும் படியிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அப்பா, அவரும் வந்திருக்காரு."

பார்த்தேன். தெருமுனையில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில். எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம். படி ஏற மாட்டேன் என்றவருக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?

"ஒரு தடவை சொல்லிடுங்கப்பா. இங்க வெச்சு."

"அதான் கடையில சொன்னேனே."

"அது கடைப்பா."

"நானும் அதைத்தான் சொல்றேன். அது கடை."

அங்கே சட்டை அவர்களுடையது, வாசல் அவர்களுடையது. சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இது என் வாசல். மகன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை எப்படியும் தீப்பெட்டிக்கு வருவார். அங்கே சொல்லிக்கொள்ளலாம்.