சோதனை வேலை

வேலை போய் வீட்டில் இருந்தவளுக்கு வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்டிடமிருந்து வந்த அழைப்பே சந்தேகமாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாகப் புரோகிராம் எழுதியவள். ஏஜென்ட் அவள் படிப்பையும் கேட்கவில்லை, அனுபவத்தையும் கேட்கவில்லை.

"மூணு நாள் வந்து செஞ்சு காட்டுங்க. கை எப்படின்னு பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்.

வெல்டர் வேலை பார்க்கும் அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "எங்களைத்தான் அப்படிக் கேப்பாங்க. நீயும் நம்ம கட்சிக்கு வந்துட்டக்கா! ஆனா ஒண்ணு. ஒட்டிக் காட்டச் சொன்னா, ஒட்டினதை அங்கேயே உடைச்சுப் பாப்பாங்க. உடைக்காம உள்ள தூக்கிட்டுப் போனா அது டெஸ்ட் இல்ல, ஓசி வேலை."

"எல்லா இடமும் உன் பட்டறையாடா?" என்றாள். ஆனால் அந்தப் பேச்சு காதுக்குள் போன எறும்பாகக் குடைந்தது.

நீளமான கூடத்தில் எட்டுப் பேரை உட்கார வைத்தார்கள். வாசலில் அட்டை தேய்த்துத்தான் நுழைய வேண்டும். அவளுக்குக் கொடுத்தது ஒரு பல் மருத்துவமனையின் முன்பதிவுப் புரோகிராம். ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சரிசெய்துவிட்டு, இரண்டாவதாக வருபவருக்கு ஒரு வரியும் சேர்த்தாள்: 'இந்த நேரத்தை இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார். கோபிக்காமல் வேறு நேரம் பாருங்கள்.'

மறுநாள் சாயங்காலம் பல்வலியோடு, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கப் போனைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா, "பாரேன், எவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க!" என்று சத்தமாகப் படித்தாள். அதே வரி. அந்தக் 'கோபிக்காமல்' உட்பட.

அவளுக்குச் சுருக்கென்றது. சோதனைக்குச் செய்தது நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று மூன்றாம் நாள் சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"எங்களைக் கெளப்பி விட்டுட்டு நீங்க மட்டும் உள்ள போகப் பாக்கறீங்களா?" என்றாள் ஒருத்தி.

அவளைவிட மூத்தவரான ஒருவர், எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று அழைத்தவர், தன் போனை எடுத்தார். அவர் திருத்திய கொரியர் பக்கத்தைத் திறந்து பார்த்தார். முகம் இறுகியது. "என்னோடதும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அதன்பின் யாரும் இருக்கைக்குத் திரும்பவில்லை. சூப்பர்வைசர் வந்தாள்.

"இது டெஸ்ட்டா, வேலையா மேடம்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். "வேலைன்னா, எங்களை வேலைக்கு எடுத்ததாச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி, எல்லாரையும் எடுத்துக்கறோம். முதல் நாள்லேருந்தே. ஷிப்ட் வேலைதான், தேவைப்படும்போது போன் வரும்."

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் கை எழவில்லை. இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

"ஷிப்ட்டுன்னா வெக்கமா இருக்காக்கா?" என்றான் தம்பி, வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டு.

"வெக்கமெல்லாம் இல்லடா. வேலையை வேலைன்னு சொல்லி வாங்கட்டும், அது போதும்."

திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஏழு பேர்தான். கண்ணாடிக்காரர் இல்லை.

"அவருக்கு இன்னிக்கு வேலை இல்ல" என்றாள் சூப்பர்வைசர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவ்வாயும் அவருக்கு வேலை இல்லை. புதனும் இல்லை. அன்று இடைவேளையில் அவள் படிக்கட்டில் நின்று அவருக்குப் போன் செய்தாள்.

"உங்களைக் கூப்பிட்டாங்களா?" அவர் குரல் வறண்டிருந்தது.

"கூப்பிட்டாங்க சார்."

"ஓஹோ." "நீங்கதானே முதல்ல ஆரம்பிச்சீங்க? உங்களை மட்டும் எப்படி விட்டாங்க?"

அதே கேள்வி அவளையும் மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

"தெரியல சார். என்னை நம்ப வேணாம். சாயங்காலம் வீட்டுல இருங்க, எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். தன்னைச் சந்தேகப்பட்ட அந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னாள்: "நமக்காகக் கேட்டவரைத்தான் கூப்பிடாம விட்டிருக்காங்க, சாயங்காலம் எல்லாரும் அவர் வீட்டுக்குப் போவோம்."