தேதி போடாத கடிதம்

டணார்!

அறைக்கு வெளியே எதுவோ தரையில் விழுந்த சத்தம். கையில் இருந்த காப்பியில் பாதி வேட்டியில் கொட்டிவிட்டது. தலைவர் கதவைத் திறந்தார். வராந்தாவில் ஸ்டூல் மேல் தச்சர் நின்றிருந்தார், வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கடித்தபடி. கீழே குப்புறக் கிடந்தது தலைவரின் பித்தளைப் பெயர்ப்பலகை.

"உள்ளே ஆள் இருக்குன்னு யாரும் சொல்லலையே சார்!" என்றார் தச்சர், ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு.

"யாரைக் கேட்டுய்யா கழட்டினே?"

"நீங்கதான் ராஜினாமா பண்ணிட்டீங்களாமே? பத்தரைக்கே ஆர்டர் வந்திருச்சு." தச்சர் தயங்கினார். "வேணும்னா திரும்ப மாட்டிடவா? ஆனா ரெண்டு ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கு, நிக்குமான்னு தெரியலை."

எதிர்க்கட்சித் தலைவர் பதவியைத் தலைவர் ராஜினாமா செய்யவில்லை. செய்யும் எண்ணமும் இல்லை. ஆளுங்கட்சியோடு கைகோக்க வேண்டும் என்று கட்சிக்குள் ஒரு கோஷ்டி மூன்று மாதமாகக் குதித்துக்கொண்டிருந்தது உண்மைதான். அந்தக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியது கட்சிக் கொறடா, அதாவது அவருடைய சொந்த மைத்துனன். குதித்துக் களைத்துப் போவான் என்று இவர் விட்டுவிட்டார்.

சட்டென்று உறைத்தது. அந்தக் கடிதம்!

நாலு வருடத்துக்கு முன்னால் கட்சியிலிருந்து மூன்று பேர் தாவிய சமயம் அவரே கொண்டுவந்த ஏற்பாடு அது. சட்டமன்றக் கட்சியில் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தேதி போடாமல் ஒரு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். யாராவது வாலாட்டினால் தேதியை எழுதிச் சபாநாயகருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். "தலைவருக்கு மட்டும் சலுகையா?" என்று எவனோ முனகினான். "முதல் கையெழுத்தே என்னுது!" என்று இவர் மேடையிலேயே போட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. கடிதக் கட்டு மொத்தமும் அவர் வீட்டு பீரோவுக்குப் போனது. தன்னுடையதை மட்டும் கிழித்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதம் தன்னை என்ன செய்துவிடும்?

வராந்தாவில் நடந்தார். எதிரே வந்த இரண்டு உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் போனைத் தலைகீழாக வைத்திருந்தார். லிஃப்டுக்குள் நாலு பேர் இருந்தார்கள். இவர் நுழைந்ததும், "நாங்க படியில போயிக்கறோம்" என்று நாலு பேரும் இறங்கிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அந்த லிஃப்டில் அவர் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு கண்ணாடி இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

சபாநாயகர் அறை வாசலில் கொறடா நின்றிருந்தான்.

"என் வீட்டுக்குள்ளயே கையை வெச்சிட்டியாடா?"

"மெதுவா பேசுங்க மாமா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். திருட்டுப் பய நீன்னு தெரியட்டும்."

கொறடாவின் முகம் சிவந்தது. "உள்ளே போய்க் கடிதத்தை ஒரு தடவை பாருங்க. அப்புறமும் நான் திருடன்னு தோணுச்சுன்னா வெளியே வந்து செருப்பால அடிங்க. வாங்கிக்கறேன்."

சபாநாயகர் வேறு கட்சிக்காரர், ஆனாலும் நல்ல மனிதர். கடிதத்தை மேஜை மேல் தள்ளினார்.

"கையெழுத்து உங்களுதுதான். ஆனா தேதி மை வேற, எழுத்தும் வேற. எனக்கே இடிச்சுது, நான் இன்னும் ஏத்துக்கலை; ஆபீஸ்ல அவசரப்பட்டுப் பலகையைக் கழட்டிட்டாங்க. நீங்க எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே தள்ளுபடி பண்ணிடறேன். பலகை மறுபடி ஏறும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா யார் எழுதினாங்கன்னு விசாரணை வைக்க வேண்டி வரும். அவங்களை லேசுல விட முடியாது."

"வைங்கய்யா! தாராளமா வைங்க!" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார் தலைவர்.

பதினேழு, ஏழு. இன்றைய தேதி. இரண்டு ஏழின் இடுப்பிலும் ஒரு சின்னக் குறுக்குக் கோடு.

பிள்ளைகள் ஒன்றையும் ஏழையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று முப்பது வருடம் கரும்பலகையில் அப்படித்தான் ஏழு போட்டாள், கணக்கு டீச்சர் ஒருத்தி. பால் கணக்கிலும் காலண்டரிலும் அவளுடைய ஏழு எல்லாம் பெல்ட் கட்டியிருக்கும். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி இவர் கிண்டல்கூட செய்திருக்கிறார்.

சபாநாயகர் பேனாவை எடுத்தார்.

"என்ன சொல்றீங்க? தேதி நீங்க எழுதினதுதானா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என் வீட்ல போட்டதுதாங்க. இருக்கட்டும், ஏத்துக்கோங்க."

வெளியே வந்தபோது கொறடா அங்கேயே நின்றிருந்தான். தலைவர் அவனை அடிக்கவில்லை. அவனைத் தாண்டிப் படியில் இறங்கினார். பெயர்ப்பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார் தச்சர். வாசலில் அரசாங்கக் கார் இல்லை. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அது விலாவில் குத்தியது.

வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம் இல்லை. காலையில்கூட நாற்பது ஜோடி கிடந்த இடம்.

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு தட்டு. மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டது எப்போது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

பலகையை மேஜை மேல் வைத்தார். "டீச்சர், ஏழு நல்லா போட்டிருக்கே."

அவள் நிமிரவில்லை. "கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும்."

"தம்பி பாசமா?"

"அவன் முகத்துல முழிக்கக்கூட எனக்குப் பிடிக்கலைங்க."

"பின்னே? நாளைக்குக் கட்சிக் கூட்டம். அங்கே நான் பேசியிருந்தா அவன் கோஷ்டியே காலியாகியிருக்கும். அவன்கிட்ட மிஞ்சிப் போனா பத்து பேர். மிச்சம் அத்தனையும் நம்ம ஆளுங்க."

"தம்பி நேத்து ஒரு தாள் கொண்டுவந்தான். உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தான். மூணு தடவை எண்ணினேன்."

"பொய்க் கையெழுத்தா இருக்கும். நம்ம குட்டை எம்.எல்.ஏ. போட்டிருக்க மாட்டான். அவனுக்குப் பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதே நான்."

"அவர் மூணாவதா போட்டிருக்கார்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? கூட்டத்துக்குப் போய்த்தான் நின்னிருப்பீங்க." டீச்சர் அவர் தட்டைத் திருப்பி நேராக வைத்தாள். "இருபத்தெட்டுல இருபத்தேழு கையெழுத்துங்க. நாளைக்கு அத்தனை பேர் நடுவுல உங்களுக்காக நீங்க ஒருத்தரே கை தூக்கிட்டு நிக்க வேணாம்னுதான் தேதி போட்டு அவன்கிட்ட குடுத்தேன்."