மறுபடியும் மூன்று மணி

குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடியது. கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்குமா? மூன்று மணிக்கான குளோரின் மருந்து விழுந்த கையோடு கடிகாரத்தை இரண்டு நிமிடம் பின்னால் தள்ளிவிட்டான்.

ஆபரேட்டரான அண்ணி கத்தினாள். "கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மெதுவா ஓடவிட்டுத்தான் சரிபண்ணணும்! மருந்து விட்டது கம்ப்யூட்டருக்கு எங்க ஞாபகம் இருக்கு? மறுபடி மூணு ஆனா மறுபடி கொட்டும்!"

விழுந்தடித்து ஓடி மருந்துக் குழாயின் வால்வை இறுக்கி மூடினாள். மறுகணமே பம்பு உறுமியது. மருந்து போக வழியில்லாமல் முனகி அடங்கியது. ஊர் தப்பியது. பெருமூச்சு விட்டபடி வால்வைத் திறக்கக் கை வைத்தாள்.

உள்ளேயிருந்து கொழுந்தனின் குரல் வந்தது: "பயப்படாதீங்க அண்ணி, கடிகாரத்த மறுபடியும் பின்னால தள்ளிட்டேன்!"