ஜெபித்துவிட்டு முடிவு செய்வோம்

களியக்காவிளையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியதுதான் வினையாகப் போயிற்று. ஓடுகிற வண்டியில் போனைப் பார்த்தால் ஜெபகனிக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். நின்ற வண்டியில் அந்தத் தொந்தரவு இல்லை. ஒரு கையில் பழம்பொரியும் மறு கையில் போனுமாக உட்கார்ந்துகொண்டு, போகிற அறிவியல் அருங்காட்சியகத்தைப் பற்றிய விவரத்தை வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தாள். தொட்டுப் பார்க்கலாம், பொத்தானை அமுக்கினால் எரிமலை வெடிக்கும், மழைக்காட்டின் சத்தம் கேட்கும் என்பதுவரை நன்றாகத்தான் போயிற்று. அதற்குக் கீழே வந்ததும் நாக்கு நின்றுவிட்டது.

"ஏட்டி ஷெர்லி, இது என்னது? குரங்கு படம்லா போட்டிருக்கு? 'உங்கள் முன்னோரைச் சந்தியுங்கள்'ணு எழுதியிருக்கு?"

இந்தச் சுட்டியைக் குடும்பக் குழுவில் போட்டவளே ஷெர்லிதான். போட்டு இரண்டு வாரம் ஆயிற்று. யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. குமாரதாஸ் அண்ணன் மட்டும் உடனே கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டிருந்தார். அவர் சாவுச் செய்திக்கும் அதைத்தான் போடுவார், பிறந்தநாளுக்கும் அதைத்தான் போடுவார், கேஸ் சிலிண்டர் விலை ஏறிய செய்திக்கும் அதைத்தான் போடுவார். இத்தனை வருஷமாகப் பார்த்தும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளே, அவளை என்ன சொல்ல!

குமாரதாஸ், ஷெர்லியின் கணவன் அபிலாஷின் அக்காள் ஜெபகனிக்கு வீட்டுக்காரர். பேங்கில் இருந்து ஓய்வுபெற்ற மறு வாரமே சபைக் கமிட்டியில் செயலாளராக உட்கார்ந்தவர், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. சபைக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஷெர்லி பயாலஜி எடுக்கிறாள், தற்காலிகமாக. மகள் ஜாஸ்மி தவழ்ந்துகொண்டிருந்தபோது சேர்ந்தவள். ஜாஸ்மி இப்போது எட்டாம் வகுப்பு. தற்காலிகம் இன்னும் தீரவில்லை. வருகிற மே மாதம் பெரிய டீச்சர் ஒருவர் ஓய்வுபெறுகிறார். அந்த நிரந்தர இடத்துக்குக் கமிட்டி ஒரு பெயரை எழுதும். யார் பெயர் என்பது குமாரதாஸின் வாயில் இருந்து வரவேண்டும். காலாண்டு லீவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் திருவனந்தபுரம் பக்கம் போய்வரலாம் என்று ஷெர்லி வண்டி ஏற்பாடு செய்ததன் சூட்சுமம் அவ்வளவுதான். வண்டியில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி பழம்பொரி தின்றார்கள்.

ஜாஸ்மிக்கு மட்டும் அது வேறு பயணம். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஷெர்லிதான் அவளுக்குச் சொல்லியிருந்தாள்: அங்கே ஒரு கண்ணாடி இருக்கிறது, அதில் கையை வைத்தால் உன் கை எலும்பு தெரியும், அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது திமிங்கலத்தின் துடுப்பாக மாறும், வௌவாலின் சிறகாக மாறும், எலும்பு எல்லாம் அதே எலும்பு, நீளம்தான் வேறே. பிள்ளை அன்றிலிருந்து கேட்டுத் துளைத்துவிட்டது. வகுப்பில் ஒருத்தி பாக்கி இல்லாமல் சொல்லிவைத்திருக்கிறாள். இப்போதும் பின் சீட்டில் இருந்து தலையை நீட்டினாள்.

"மாமா, அது வெறும் எலும்புதான் மாமா. கைய வச்சா..."

"பெரியவங்க பேசும்போ நீ சும்மா இரி மக்களே" என்றாள் ஜெபகனி.

குமாரதாஸ் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்து, கிளாசை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, கர்ச்சீப்பால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல. டீச்சர் படிச்சவ. பாடத்துல உண்டுண்ணா படிப்பிக்கத்தான் வேணும், அது ஜோலி. மெனக்கெட்டு வண்டி பிடிச்சுப் போயி காணணுமாண்ணுதான் எனக்க ஒரு சந்தேகம். சபையில நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லட்டு?"

ஷெர்லி முன் சீட்டைப் பார்த்தாள். அபிலாஷ் ரோட்டில் வாழைக்குலை ஏற்றிப் போகிற லாரியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வாழைக்குலையை வாழ்நாளில் காணாதவன் மாதிரி! எட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன், அக்காள் வீட்டுக்காரர் முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவான். அவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

உள்ளபடியே சொன்னால், இந்த விஷயத்தில் ஷெர்லிக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று பாடுவாள், திங்கட்கிழமை போர்டில் மண்டையோட்டுப் படம் வரைவாள். இரண்டையும் ஒரே சேலையில் செய்திருக்கிறாள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதே இல்லை. யாரும் கொண்டுபோய் இடிக்க வைக்கிறவரை.

"பிள்ளைக்க படிப்புக்கு உதவுமேண்ணுதான் அண்ணே..." என்று மென்று முழுங்கினாள்.

"செரி. அதுக்கென்ன? ஜெபிச்சிட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் குமாரதாஸ். "டீச்சரே ஜெபிக்கட்டு."

அந்தக் குடும்பத்தில் எல்லாக் காரியமும் இப்படித்தான் முடிவாகும். நிலம் வாங்குவது, கல்யாணம் பேசுவது, கர்ப்பப்பையை எடுப்பதா வேண்டாமா என்பது, எல்லாம் ஜெபித்துவிட்டுத்தான். யாரை ஜெபிக்கச் சொல்கிறார்கள் என்பதில் பாதி இருக்கிறது. ஜெபிக்கிறவர் ஜெபத்துக்குள் எதை எப்படிச் சொருகுகிறார் என்பதில் மீதி. ஆண்டவரிடம் சொல்வதுபோலப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்வது ஒரு கலை. அதில் குமாரதாஸை மிஞ்ச ஆள் இல்லை. 'தகப்பனே, மனஸ்தாபத்தோடு இந்த வீட்டுக்கு வந்திருப்பவர்களையும் ஆசீர்வதியும்' என்று ஒரே வரியில் சம்பந்தியின் மூக்கை அறுத்தவர். அவர் வாயால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது அவர் சொன்னதாகும். ஷெர்லி ஜெபித்தால் அது ஆண்டவர் சொன்னதாகும்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். டிரைவர்கூட ரேடியோவை நிறுத்தினான். ஜெபகனி பழம்பொரியை மடியில் வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள்.

கண்ணை மூடிய கணத்தில் ஷெர்லிக்குச் சரியான ஜெபம் வந்துவிட்டது. திமிங்கலத்தையும் வௌவாலையும் எங்கள் கைகளையும் உண்டாக்கின தகப்பனே, உம்முடைய கைவேலையைக் காணப் போகிறோம், எங்களோடுகூட வாரும். அவ்வளவு போதும். அதை எந்தக் கமிட்டிச் செயலாளரும் மறுக்க முடியாது. மறுத்தால் படைத்தவரையே மறுத்ததாகும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளுக்கே மனசு ஒரு துள்ளல் துள்ளியது.

"டீச்சரே" என்றார் குமாரதாஸ், கண்ணை மூடியபடியே, மெதுவாக. "மே மாசம் நம்ம கமிட்டி கூடுகதுக்கும் ஒரு வார்த்த சேத்துக்கோ."

ஷெர்லி ஒரு மூச்சு இழுத்தாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினாள். குரல் அழகாக வந்தது. அவளுக்கு எப்போதுமே நல்ல குரல். இந்தப் பயணத்துக்காக நன்றி சொன்னாள். வண்டிக்காகவும் டிரைவருக்காகவும் நன்றி சொன்னாள். எங்களை நல்வழி நடத்தும்படி மூத்தவர்களைத் தந்திருக்கிறீரே, அதற்காக ஸ்தோத்திரம் என்றாள். பிறகு, "இந்தச் சிறு பிள்ளையின் மனதைக் குழப்புகிற இடங்களுக்கு எங்கள் வண்டி திரும்பாதபடி நீரே காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றாள். கமிட்டிக்காகவும் ஜெபித்தாள். அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. கேட்டவர்கள் உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஆமென்" என்றார் குமாரதாஸ் எல்லோருக்கும் முன்னால். "ஆண்டவரு பேசிட்டாரு. இனி என்ன? வண்டிய எடு."

எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடதுபக்கம் ஒரு வளைவு வந்தது. பெரிய தந்தத்தோடு ஒரு யானையின் எலும்புக்கூடு போர்டில் நின்று வழி காட்டியது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "லெஃப்டா, நேரயா?" என்று கேட்டான். "நேர விடு" என்றான் அபிலாஷ். காலையில் இருந்து அவன் எடுத்த ஒரே முடிவு அது.

ஷெர்லி பின் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். ஜாஸ்மி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்யலாம்.

"அடுத்த லீவுக்கு நாம ரெண்டு பேரு மட்டும் பஸ்ஸுல வருவோம் மக்களே" என்றாள் ரகசியமாக.

"ம்மா, நீங்க ஆண்டவருகிட்ட போணும்னு கேட்டீங்களா, போவாண்டாம்னு கேட்டீங்களா?"

"அவருக்க சித்தம் என்னவோ அதைத்தான் மக்களே..."

"அவருக்க சித்தம் கேக்கல்ல. நீங்க என்ன கேட்டீங்க?"

ஷெர்லி அவள் தலைமுடியைக் கோதப் போனாள். பிள்ளை தலையை நகர்த்திக்கொண்டது. எனக்கு ஒரு வேலை வேண்டும், அது உனக்காகவும்தான், என்று சொல்ல வாயெடுத்தாள். நடு சீட்டில் குமாரதாஸின் காது தெரிந்தது. பிற்பாடு ஒரு பெரிய கடைக்குப் போனார்கள், நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள், ஜெபகனி இரண்டு நைட்டி எடுத்தாள். ஜாஸ்மி கேட்டதற்கு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு கூடவே வந்தாள். மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போன ஓட்டலில், கை கழுவுகிற இடத்தில் குமாரதாஸ் ஷெர்லியின் பக்கத்தில் வந்து நின்றார். சோப்பை நுரைத்துக்கொண்டே, குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"மே மாசத்த நெனச்சுப் பேடிக்காண்டாம், கேட்டியா. உனக்க பேருதான். நான் எல்லாருகிட்டயும் பேசியாச்சு."

ஷெர்லிக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அத்தனை நேரம் தன் மேல் இருந்த அருவருப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "ரெம்ப நன்றி அண்ணே" என்று ஈரக் கையோடு கும்பிட்டாள். கண் நிறைந்துவிட்டது. மேஜைக்குத் திரும்பியபோது அபிலாஷைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அவனும் புரிந்துகொண்டு சிரித்தான்.

இலை போட்டுச் சோறு வைத்தாயிற்று. பரிமாறுகிற ஆள் மீன்கறிப் பாத்திரத்தோடு வந்து, இவர்கள் தலை குனிவதைப் பார்த்து ஒதுங்கி நின்றான்.

"இந்த வட்டம் ஜாஸ்மி மக்க ஜெபிக்கட்டு" என்றார் குமாரதாஸ்.

மாட்டேன் என்பாள் என்று ஷெர்லி நினைத்தாள். வீட்டில் நூறு முறை சொன்னாலும் வாயைத் திறக்காதவள். ஜாஸ்மி கையைக் கோத்துக்கொண்டாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்றாள். ஷெர்லியின் ராகம், ஷெர்லியின் இழுப்பு, 'பிதாவே'யில் அதே இறக்கம். "இந்த ஆகாரத்துக்காக நன்றி. எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த மாமாவுக்காகவும் மாமிக்காகவும் ஸ்தோத்திரம். மாமாவுக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுசையும் தாரும். மனதைக் குழப்புகிற இடத்துக்குப் போகாமல் காத்துக்கொண்டீரே, அதற்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம் ஆண்டவரே. எனக்கு இனி அந்த ஆசை வராமல் பார்த்துக்கொள்ளும்."

அந்த இடத்தில் அவளுக்கும் தொண்டை அடைத்தது. அல்லது அடைத்ததுபோல் செய்தாள். ஷெர்லி கண்ணைத் திறந்து பார்த்தாள். மூடிய இமைகள், அடக்கமான முகம். கேலி செய்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"ஆமென்!" குமாரதாஸுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "என்னா அழகா ஜெபிக்கா! அம்மைக்க பிள்ளயாக்கும்."

ஜாஸ்மி அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சோற்றின் நடுவில் குழி தோண்டினாள். பரிமாறுகிறவன் குனிந்து மீன்கறியை ஊற்றினான். "மதியோ மோளே?" என்று கேட்டான். அவள் போதும் என்று சொல்லவில்லை, கை காட்டவும் இல்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழி நிறைந்து, சோறு சரிந்து, சிவந்த கறி இலையின் ஓரத்துக்கு ஓடி வந்தது. அவன் ஷெர்லியைப் பார்த்தான்.

"மதியோ சேச்சி?"