இன்னும் இறங்கவில்லை

கிடாக் குட்டிக்கு எப்போது காயடிப்பது என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரொம்பச் சின்னதில் செய்தால் மூத்திரக்குழாய் சரியாக வளராமல், பெரிதானதும் கல் அடைத்துக்கொள்ளும். ரொம்பத் தள்ளிப்போட்டாலோ, கூடப் பிறந்தவள் என்றும் பார்க்காது, பெற்றவள் என்றும் பார்க்காது, ஏறிவிடும். மூன்று மாதத்தை ஒட்டி ஒரு காலையில் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரேயடியாக முடித்துவிட வேண்டும். புருஷன் இருந்த காலத்திலும், அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அப்படித்தான் செய்துவந்தாள். இந்த வருஷம்தான் அவளுக்குப் புத்தி கெட்டுப்போனது.

கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளரை எல்லோரும் இடுக்கிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். காயடிக்கிற இரும்பு இடுக்கியைப் பழைய துண்டில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு வருவார். மனைவியைப் பறிகொடுத்தவர், பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் போல அளந்துதான் பேசுவார். மூன்று கிடாக் குட்டிகளில் முதலாவதை அவள் முக்காலியில் உட்கார்ந்து மடியில் மல்லாத்திப் பிடித்தாள். அவர் எதிரே மண்டியிட்டார். தோலுக்குள் ஓடும் நரம்பை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கி, இடுக்கியை வைத்து அழுத்தினார். ஒரு பக்கம் முடித்து, சற்றுக் கீழே தள்ளி மறுபக்கம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. குட்டி மட்டும் ஊரைக் கூட்டியது.

"கத்தட்டும் விடுங்க" என்றார். "கத்த வேண்டிய நேரத்துல கத்தாமதான் நாமெல்லாம் இப்படி இருக்கோம்."

குனிந்திருந்த அவர் தலை அவள் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது. நரைக்கத் தொடங்கிய முடியில் சோப்பு வாசனை. அவ்வளவு கிட்டத்தில் ஒரு மனுஷ வாசனை வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குட்டிக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

"அடுத்ததைக் கொண்டாங்க."

வாய் அவளைக் கேட்காமல் பேசிவிட்டது. "அதுங்களுக்கு இன்னும் விதை இறங்கல."

பச்சைப் பொய். ஆட்டுக்குட்டிக்குப் பிறக்கும்போதே இறங்கியிருக்கும். அவர் எழுந்துபோய் மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தார். அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, இன்னும் இறங்கல. கொஞ்ச நாள் போகட்டும், வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவம், மனுஷனுக்குத் தொழில் தெரியவில்லையே என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. கூடவே இருக்கும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல ஆளைப் புடிச்சீங்க அண்ணி. கண்ணு தெரியலன்னா பரவால்ல, கையுமா தெரியாது?"

இரண்டாவது குட்டியை அடுத்த முறை வந்தபோது முடித்தார். மூன்றாவதற்கு மட்டும் இறங்குகிற வழியாக இல்லை. அவர் வந்து வந்து பார்த்தார். அவர் வருகிற நாளில் அவள் கொட்டகையை இரண்டு தரம் கூட்டுவாள், முகத்தை மூன்று தரம் கழுவுவாள். அவர் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடிப்பார். தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதையும், தனி ஆளுக்குச் சோறு வடிக்க அளவு தெரியாமல் திண்டாடுவதையும் சொல்வார். அவர் போன பிறகு அந்த மூட்டைமேல் அவளும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். வராத நாட்களில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் கை வேலை நின்றுபோகும்.

கடைசியாக வந்தபோது, கிளம்புகிற நேரத்தில் அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலைப் பிடித்தபடியே நின்றார். "என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"அப்படியா?"

"ம்."

"டீ போடட்டுமா?"

"இப்பதானே குடிச்சேன்."

போட்டுக் கொடுத்தவளே அவள்தான். போகாதீங்க என்கிற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. பைக் சத்தம் திருப்பத்தில் தேய்ந்து மறையும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பிறகும் மூன்றாவது குட்டியை அவள் அப்படியே விட்டுவைத்தாள். அதற்குக் காயடித்துவிட்டால் அவரைக் கூப்பிட ஒரு சாக்கும் மிஞ்சாது. குட்டி என்ன, காத்துக்கொண்டா இருக்கும்? ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு கூடப் பிறந்தவளைக் கொட்டகை முழுக்கத் துரத்தியது. நாத்தனார் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் இடத்துக்கு வந்திருந்த பெண்ணைக் கையோடு அழைத்துவந்துவிட்டாள்.

"இவ்வளவு நாள் ஏன் விட்டு வெச்சீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"விதை இறங்கலன்னு இடுக்கிக்காரர்தான் சொன்னாரு" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அவரா? நானும் அவரும் ஒண்ணா வேலை பாத்திருக்கோம். கண்ணை மூடிக்கிட்டு நரம்பைத் தொட்டுச் சொல்ற மனுஷன். இது தெரியாம இருக்குமா? வேணும்னே சொல்லியிருப்பாரு."

மடியில் குட்டி கத்தியது. முக்காலியில் உட்கார்ந்து அவள் அதன் கால்களை இறுகப் பிடித்திருந்தாள். இடுக்கி ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் அழுத்தி முடிந்தது. அவருக்கும் தெரியும். முதல் நாளே தெரியும். தன் பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு இத்தனை நாளை வீணாக்கிவிட்டார்கள். அவள் விசும்பி விசும்பி அழுதாள். குட்டிக்காக என்று இப்போது யாரும் நினைக்கவில்லை.

அந்தப் பெண் போனதும் நாத்தனார் போனை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள். "பேசுங்க அண்ணி. நான் கடைக்குப் போறேன், மெதுவாத்தான் வருவேன்."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "குட்டி எப்படி இருக்கு?"

"முடிஞ்சுது. புதுசா வந்தவங்க செஞ்சிட்டாங்க. பாக்கறதுக்கு இனிமே குட்டி எதுவும் இல்ல."

மறுமுனையில் எங்கோ ஒரு மாடு கத்துவது கேட்டது.

"எனக்கு உங்களைப் பாக்கணும் போல இருக்கு" என்றாள் அவள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை லீவு. வரட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னால முடியாது" என்றாள். "இன்னைக்கே வாங்க."