நான்காவது விதி: தைலம் போட்டுத் துடைக்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகப் பிறந்தது. 1989 மழைக்காலம். கொடைக்கானலில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் கம்ப்யூட்டர் டிஸ்க் ஒன்று கெட்டுப்போன அன்றைக்கே முதல்வர் என்னைக் கூப்பிட்டார். டிஸ்க்கையும் அதைப் போடுகிற டிரைவையும் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்று நூலகச் சுவரில் ஒட்டத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.

மூன்று விதிகளை மளமளவென்று எழுதிவிட்டேன். டிஸ்க்கை விளிம்பில் பிடிக்கவும், பளபளக்கும் பக்கத்தில் விரல் படக் கூடாது. டிரைவின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் லேசர் கண்ணுக்கு ஆகாது. டிஸ்க் உள்ளே போக மறுத்தால் அமுக்கித் தள்ளக் கூடாது. நான்காவதாக 'தைலம் போட்டுத் துடைக்கக் கூடாது' என்று எழுதியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மஞ்சு மூடிய மலையிலே இசபெல்லா என்றொரு ஏழைப் பெண் —

வேண்டாம். உடனே பரிதாபப்படத் தயாராகிவிடுவீர்கள். (இசபெல்லா அதை வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: இசபெல்லா நூலக உதவியாளர். மழைக்காலத்தில் இங்கே புத்தக அட்டையெல்லாம் பூசணம் பிடிக்கும். யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பூசணமும் போகும், பூச்சியும் அண்டாது. இந்த ஊரில் தலைவலிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். நூலகர் பரமானந்தம் வழக்கம்போலச் சொன்னார்: "அலமாரியில உள்ளது அம்புட்டையும் தைலம் போட்டுத் தொடச்சு வச்சிரும்மா."

அமெரிக்காவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய டிஸ்க்கும் அலமாரியில்தான் கிடந்தது. ஒரு கலைக்களஞ்சியம் முழுவதும் அதற்குள் இருந்ததாம். அதை உறையில்லாமல் அங்கே வைத்தவர் பரமானந்தம். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா?) இசபெல்லா அட்டைகளைத் துடைப்பது போலவே அதையும் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் துடைத்தாள்.* டிஸ்க் மங்கிப்போனது. டிரைவால் அதைப் படிக்க முடியவில்லை.

* உலர்ந்த மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். டிரைவோடு வந்த கையேட்டில் இருக்கிறது. கையேடு பரமானந்தத்தின் பூட்டிய இழுப்பறையில் இருந்தது. தைலத்தைப் பற்றி அதிலும் ஒரு வார்த்தை கிடையாது. எழுதியவர்கள் கொடைக்கானலுக்கு வந்ததில்லை.

3

பரமானந்தத்தை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவருக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே பயம். கையேடு தனக்குப் புரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்றுதான் பூட்டி வைத்தார். பயந்த மனிதரை வெறுக்க எனக்கு வரவில்லை. ஆனால் முதல்வர் அறையில் வாயைத் திறக்காமல் நின்றாரே, அதை மன்னிக்க மாட்டேன்.

"நாளைக்குக் காலையில அசெம்ப்ளியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுரும்மா, உன் கவனக்குறைவுதான்னு," என்றார் முதல்வர். "இல்லேன்னா வேலை இல்ல."

"தொடச்சது நாந்தாங்க சார், இல்லேங்கல. சொன்ன சோலியச் சொன்னபடி செஞ்சேன். அது எப்படிங்க கவனக்குறைவாகும்?"

"இதெல்லாம் பொதுவாவே தெரிஞ்சிருக்கணும்."

"நம்ம சாருக்குத் தெரியுமாங்க?" என்று பரமானந்தத்தைப் பார்த்துக் கேட்டாள். அவர் சன்னலைப் பார்த்தார்.

4

முடிவு அ: இசபெல்லா மன்னிப்புக் கேட்கிறாள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். (கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: பரமானந்தம் மனம் திருந்தி, கண்ணீரோடு எழுந்து —

ஏன்? அவர் திருந்துகிற வரைக்கும் இவளுடைய நியாயம் எதற்காகக் காத்துக்கிடக்க வேண்டும்?

முடிவு இ: வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, தலை நிமிர்ந்து, சொந்த ஊரான அடுக்கத்துக்கு இறங்கிப் போகிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். இசபெல்லாவிடமே படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "வீட்டுல அடுப்பு எரியணுமே, நீங்களா வந்து எரிய வைப்பீங்க? தப்புப் பண்ணாதவ எதுக்கு வேலைய விடணும்? மன்னிப்பும் கேக்க மாட்டேன், வேலையவும் விட மாட்டேன். நாளைக்கு வெள்ளனே வந்து நிப்பேன். எழுதிக்கங்க."

5

எழுதிக்கொண்டேன்.

அசெம்ப்ளி. முதல்வர் மைக்கை அவள் முன்னால் நகர்த்துகிறார்.

"அம்புட்டையும் தொடைக்கச் சொன்னாங்க, தொடச்சேன்," என்கிறாள். "அந்த டிஸ்க்க எப்படிப் பிடிக்கணும், எதால தொடைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க, அடுத்தது கெடாது. மன்னிப்புக் கேக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

மேடையை விட்டு இறங்கவில்லை. அங்கேயே நிற்கிறாள்.

முதல்வர் கூட்டத்தைப் பார்க்கிறார். "இந்தம்மா சொல்றது சரின்னு நினைக்கிறவங்க எழுந்து நில்லுங்க." ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்கிற தைரியம் அவருக்கு.

நான் எழுந்துவிட்டேன். எழுதுகிறவன் எழுந்திருப்பது கணக்கில் சேராது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் என் பக்கத்து நாற்காலியில் உங்களை உட்கார வைத்தேன். நடந்தது முழுவதும் தெரிந்தவர் நீங்கள்.

இசபெல்லா இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். நீங்கள் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்.