விடுமுறைக் கட்டில்

இவளுக்கு ஏரி வேண்டும், என் அப்பாவின் வீடு வேண்டும், அப்பா மட்டும் வேண்டாம். மனசுக்குள் இதைச் சொல்லிக்கொண்டே மிர்த்தா, நாத்தனார் கேத்தியின் கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

வெளியே சுவிட்சர்லாந்தின் விண்டர்டூர் நகரத்து மழை. மேசைமேல் கேத்தி விரித்திருந்த தாளில் ஈஸ்டர் வாரம் கட்டம் கட்டமாகக் கிடந்தது. வியாழன் ரயில், வெள்ளி படகு, சனி மலை ரயில். ஏழு வருடமாக இதே தாள்தான். எல்லோரும் தெற்கே, இத்தாலியன் பேசும் லுகானோவில், ஏரிக்கரையில் இருக்கும் மிர்த்தாவின் அப்பா டேலியோ வீட்டில் போய் இறங்குவார்கள். அவர் தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு சமையலறை பெஞ்சில் முடங்கிக்கொள்வார். இந்த வருடம் அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான். பெஞ்சில் படுக்க முடியாது.

"அதுக்கும் வழி பண்ணிட்டேன்," என்றாள் கேத்தி. "அங்க ஒரு முதியோர் இல்லத்துல, கொஞ்ச நாள் மட்டும் தங்கறவங்களுக்கான விடுமுறைக் கட்டில் காலியா இருக்கு. ஒரு வாரம். அவருக்கும் ஒரு மாறுதல்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"எப்படிக் கேக்கறது? ஜெர்மன்ல பேசினா மட்டும் அவருக்குக் காது கேக்காதே. நல்ல சௌகரியமான காது!"

மிர்த்தாவின் கணவன் ரேட்டோ அக்காவோடு சேர்ந்து சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கேக் தட்டில் குனிந்துகொண்டான்.

"நீ போன்ல சொல்லு," கேத்தி விடவில்லை. "அவரே ஆசைப்பட்டுப் போற மாதிரி பக்குவமா சொல்லு. அதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

கெட்டிக்காரிதான். காப்பி மருந்து மாதிரி இருக்கிறது என்று கேத்தி சொன்னால், "உங்க காப்பி மாதிரி எங்கேயும் குடிச்சதில்லையாம்" என்று அப்பாவிடம் இத்தாலியனில் சொல்லியிருக்கிறாள். வீடு நாறுகிறது என்றதை, ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று வருமாம் என்று மாற்றியிருக்கிறாள். அப்பா அதற்காகவே ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சீக்கிரம் எழுந்து காப்பி போட்டார். இந்த மனிதர்களுக்குத் தன்மேல் பிரியம் என்று அவரை நம்பவைத்தது யார்? கேத்தி அல்ல. கேத்தி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"ஒரு வாரம்தானே, மிர்த்தா," என்றான் ரேட்டோ, தட்டைப் பார்த்தபடியே.

"ரெண்டு நிமிஷ வேலை. உம், போடு." கேத்தி போனை அவள் பக்கம் தள்ளினாள்.

மிர்த்தா அதை எடுத்து, கேத்தியின் தாள்மேல் வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன், கேத்தி," என்றாள். குரல் உயரவில்லை. "அப்பா அவர் கட்டில்லதான் படுப்பார்."